பேக்கப் மென்பொருளை ஏயூஆரில் ஏற்றினேன், பேக்கப் வரியையே மறந்துவிட்டேன். உங்கள் கதை என்ன?

வெட்டுக்கிளி

மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் பேக்மேன் (ஆர்ச் லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவி) அப்டேட் ஓடும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

போர்க் என்ற பேக்கப் மென்பொருளின் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு சின்ன பைதான் கருவி. பெயர் வேண்டாம். ஆர்ச்சின் அதிகாரப்பூர்வ ரெபோவிலும் இல்லை, பயனர்களே பேக்கேஜ் செய்முறைகளை ஏற்றும் ஏயூஆரிலும் இல்லை. சரி, நாமே போடுவோம் என்று பேக்கேஜ் கட்டும் செய்முறைக் கோப்பான பிகேஜிபில்ட் எழுதி, இறக்கிய கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் போட்டு, ஒரு ஞாயிறு மதியம் புஷ் செய்தேன். முதல் மாதம் ஏழு ஓட்டு. வீட்டில் காட்டினேன். "இதுக்குக் காசு ஏதாவது தருவாங்களா?" என்றார்கள்.

அப்புறம் அடுத்த வெர்ஷன் வந்தது. எண்ணை மாற்றினேன், ஏற்றினேன், படுத்துவிட்டேன். காலையில் ஒரு கமென்ட். எழுதியவர் ஜெர்மன்காரர் என்று நினைக்கிறேன். அப்டேட் போட்டதும், கணினி முழுவதற்குமான கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள் இருக்கும் இடிசிக்குள் அவர் மாற்றி வைத்திருந்த கான்ஃபிக் மேல் என் மாதிரிக் கான்ஃபிக் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவர் வெளி டிஸ்க்குக்குப் போகும்படி வைத்திருந்தார், மாதிரியில் இருந்ததோ வார் கோப்புறைக்குள் ஒரு பாதை. எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்த பட்டியலும் போச்சு. ராத்திரி டைமர் எழுந்து, பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் முழுவதையும், விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள் உட்பட, கணினி ஓடும் ரூட் பார்ட்டிஷனிலேயே திணித்திருக்கிறது. டிஸ்க் நிரம்பி, காலையில் லாகின் திரையே வரவில்லையாம். இவ்வளவையும் நான்கே வரியில், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் கேட்டிருந்தார்: "பேக்கப் அர்ரே எங்கே?"

இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிகேஜிபில்டில் பேக்கப் என்ற பெயரிலேயே ஒரு அர்ரே, அதாவது பட்டியல், உண்டு. அதில் கோப்பின் பாதையைக் கொடுத்துவிட்டால், பயனர் திருத்திய கோப்பைப் பேக்மேன் தொடாது, புதியதைப் பக்கத்தில் பேக்நியூ என்று வைத்துவிட்டுப் போகும். கொடுக்காவிட்டால் மேலேயே எழுதிவிடும். நான் எழுதிய கோப்பில் விவரணை, இணைப்பு, கருவியின் பெயர் எல்லாவற்றிலும் பேக்கப் என்ற சொல் இருக்கிறது, இருக்க வேண்டிய ஒரு வரியில் மட்டும் இல்லை. அவசரமாகச் சேர்த்தபோது பாதைக்கு முன்னால் ஒரு சாய்கோட்டைப் போட்டுத் தொலைத்தேன், அது கூடாது என்று பேக்கேஜைக் கட்டும் மேக்பிகேஜியும் தன் பங்குக்குத் திட்டியது.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் திரும்ப வரவே இல்லை.

தோசைக்கல்

என் கதை இவ்வளவு பெரிதில்லை. பதினான்கு கமிட் (கிட்டில் சேமித்த மாற்றங்கள்), இரண்டு நாள் இழைத்து இழைத்துச் செய்தது, புஷ் கொடுத்தேன், ஏயூஆர் வாங்கவே மாட்டேன் என்றது. பேக்கேஜின் விவரங்களைத் தாங்கும் எஸ்ஆர்சிஇன்ஃபோ கோப்பு கடைசி கமிட்டில் இருந்தால் போதாது, ஒவ்வொரு கமிட்டிலும் இருக்க வேண்டும். நான் அதைச் சேர்த்ததே பதினொன்றாவதில். வரலாற்றைத் திருத்தி எழுதும் பொறுமை எனக்குக் கிடையாது, கிட் கோப்புறையையே அழித்துவிட்டு ஒரே கமிட்டாக, செய்தி "முதல் பதிப்பு" என்று போட்டு அனுப்பினேன். ரொம்ப அழகான கமிட் செய்திகள் அவை. போச்சு.

இன்னொன்று. என் மெஷினில் எல்லாம் ஓடியது, மற்ற எவருக்கும் மவுன்ட் ஆகவில்லை, அதாவது பேக்கப்பைக் கோப்புறை போலத் திறக்க முடியவில்லை. போர்க் ஆர்க்கைவை மவுன்ட் செய்ய எல்எல்ஃப்யூஸோ பைஃப்யூஸ்3-ஓ என்ற பைதான் நூலகம் வேண்டும், என்னிடம் என்றைக்கோ போட்டது கிடந்தது, அதனால் அதை டிபென்டன்சியில் (தேவைப் பட்டியலில்) எழுதவே தோன்றவில்லை. சுத்தமான க்ரூட்டில் (வேறெதுவும் நிறுவாத தனிச் சூழலில்) பில்ட் செய்து பார் என்று விக்கியில் ஏன் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நள்ளிரவு டெர்மினல்

வெட்டுக்கிளி, கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு அர்ரேயில் இல்லை. ஹோமைப் பேக்கப் எடுக்கும் கருவி கான்ஃபிக்கை ஏன் இடிசியில் வைக்கிறது? பயனரின் சொந்தக் கான்ஃபிக் கோப்புறையில் வைத்திருந்தால் பேக்மேன் அந்தப் பக்கமே வந்திருக்காது. கருவியை எழுதியவரிடம் முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஜெர்மன்காரரும் அப்டேட்டுக்கு முன்னால் டிஃப் (செய்முறையில் என்ன மாறியது என்ற பட்டியல்) பார்க்காமல் ஆமாம் ஆமாம் என்று எண்டர் தட்டியிருக்கிறார்.

என் அனுபவம் ஒரு வரிதான்: ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளுக்கு ஒரு துணைக் கருவியை ஏற்றினேன், ஆறு மாதம் கழித்து வேலை மாறியது, அநாதையாக விட்டுவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் தூக்கம் போகிறது. பேக்கேஜை அநாதையாக விட்டால் யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம். 2018 ஜூலையில் பிடிஎஃப் படிக்கும் அக்ரோரீட் பேக்கேஜுக்கு நடந்தது அதுதான், யாரோ ஒருவர் தத்தெடுத்து, பில்ட் செய்யும்போது வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் இறக்கி ஓட்டும் ஒரு வரியைச் செருகிவிட்டார். 2025 ஜூலையில் வேறு மாதிரி, பிரவுசர் பேட்ச் என்ற பெயரில் மூன்று புது பேக்கேஜ்களை ஏற்றினார்கள், உள்ளே தொலைவிலிருந்து மெஷினை ஆளும் ட்ரோஜன். இரண்டு நாளில் தூக்கிவிட்டார்கள், அதற்குள் போட்டவர் போட்டதுதான். இப்போது யோசித்துப் பாருங்கள், பேக்கப் கருவி ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடுகிறது, எல்லாக் கோப்பையும் படிக்கிறது, ரிமோட் சர்வரின் சாவி அதன் கையில், என்க்ரிப்ஷன் கடவுச்சொல்லும் அதன் கையில். திருடனுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா?

ஆகவே எல்லோரும் தயவுசெய்து: விடுவதாக இருந்தால் முதலில் கமென்ட்டில் ஆள் தேடுங்கள், தெரிந்தவரை இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்துவிட்டு விலகுங்கள். பிகேஜிபில்டை மட்டும் படித்தால் போதாது, கூட வரும் இன்ஸ்டால் கோப்பையும் படியுங்கள், அது ரூட்டாக ஓடும். சோர்ஸ் இணைப்பு திட்டத்தின் சொந்த இடத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விடாதீர்கள். அப்புறம் செக்சமுக்கு ஸ்கிப் (சரிபார்க்காதே) என்று போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது, கிட் சோர்ஸுக்குச் சரி, கட்டிய ஒரே கோப்பாக வரும் டார்பாலுக்கும் ஸ்கிப் போடுகிறார்கள்.

தோசைக்கல்

ஒரு வரி அனுபவம், ஒரு பக்கம் அறிவுரை. கணினி முழுவதற்கும் ஒரே டைமர் வைத்து ஓட்டினால் கான்ஃபிக் இடிசியில்தான் இருக்கும், அதில் என்ன தப்பு?

ஊதாப்பூ

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இடிசிக்குள் போகும் கோப்பை எங்கள் ஊரில் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் தானாகவே கான்ஃபைல் (பயனர் திருத்தியதைக் காக்க வேண்டிய கோப்பு) என்று குறித்துக்கொள்ளும், வெட்டுக்கிளிக்கு நடந்தது எனக்கு நடந்திருக்காது. (பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.)

ஆனால் எனக்கு வேறு ஒன்று நடந்தது. செய்யப்போகிறேன் என்று ஐடிபி என்ற அறிவிப்புப் பக் போட்டு, மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, எனக்காக டெபியனுக்குள் ஏற்றிவிடும் ஸ்பான்சர் தேடி அலைந்து, அவர் சொன்ன திருத்தமெல்லாம் செய்து, கடைசியில் புது பேக்கேஜ்கள் காத்திருக்கும் நியூ வரிசையில் போய் நின்றது. அங்கே மனிதர்கள் உட்கார்ந்து உரிமக் கோப்பை வரி வரியாகப் பார்ப்பார்கள். வாரங்கள் போயின. ஒரு நாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது மின்னஞ்சல்: நிராகரிப்பு. காரணம், டாஸ்க்பாரில் தெரியும் ஒரு ஐகான். 48 பிக்சல் குடை. அதன் உரிமம் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்கிற வகை, டெபியனின் வழிகாட்டுதலுக்கு அது ஆகாது. கோடு அத்தனையும் ஜிபிஎல் என்ற சுதந்திர உரிமத்தில், நான் கோடை மட்டும்தான் பார்த்திருந்தேன், படங்கள் கோப்புறையைத் திறக்கவே இல்லை.

வரைந்தவருக்குப் பயந்து பயந்து நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில்: "மாற்றிவிட்டேன், குடை நன்றாக இருக்கிறதா?"

திரும்ப ஏற்றி, திரும்ப வரிசையில் நின்று, அது முடிவதற்குள் 2023 பிப்ரவரி 12 வந்துவிட்டது. அடுத்து வரவிருந்த டெபியன் வெளியீடான புக்வார்முக்கு சாஃப்ட் ஃப்ரீஸ், அதற்கு மேல் புது பேக்கேஜ் எதுவும் உள்ளே போகாது. என் பேக்கேஜ் ஸ்டேபிளில் வந்தது அதற்கடுத்த வெளியீடான ட்ரிக்சியில், 2025 ஆகஸ்டில். ஒரு குடைக்கு இரண்டரை வருடம்.

மழைக்காகிதம்

நான் பேக்கேஜ் போட்டவன் இல்லை, போட்டவருக்குத் தொல்லை கொடுத்தவன், பரவாயில்லையா?

அம்மாவின் மேக்கிலிருந்த படங்களைப் பழைய வெளி டிஸ்க் வழியாக லினக்ஸுக்குக் கொண்டுவந்தேன். ஒரு நாள் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோப்புறைகள். போட்டோ. போட்டோ. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ஒன்றில் 2016 வரையிலான படங்கள், மற்றதில் அதற்கு அப்புறம். பெயர்களை ஹெக்ஸ்டம்ப் போட்டு பைட் பைட்டாகப் பார்த்தால், ஒன்றில் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது, மற்றதில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும், லினக்ஸ் பைட்டை மட்டும் பார்த்து இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். லினக்ஸ் செய்ததும் சரிதான், பேக்கப் கருவி செய்ததும் சரிதான்.

அது புரியாமல் பேக்கேஜ் போட்டவரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஃபான்ட் பிரச்சினையா என்று கேட்டார் பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் ஒன்றையே இரண்டு முறை அனுப்பியது போலத்தானே இருக்கும். கடைசியில் பைட்டுகளை எழுதி அனுப்பினேன். அடுத்த வெளியீட்டில் செக் பகுதியில் ஓடும் டெஸ்டுகளில் ஒன்றுக்குப் பெயர் "போட்டோ", இரண்டு விதமாகவும்.

வெட்டுக்கிளி

மழைக்காகிதம், அந்த டெஸ்டை இன்றைக்கே என் மெஷினில் ஓட்டிப் பார்க்கிறேன்.

நள்ளிரவு, அவர் டிஃப் பார்த்திருக்கலாம்தான். பார்த்திருந்தாலும் வெர்ஷன் எண்ணும் செக்சமும் மாறியது மட்டும்தான் தெரிந்திருக்கும், இல்லாத வரி டிஃபில் எப்படித் தெரியும்? இடிசி பற்றித் தோசைக்கல் சொன்னதுதான் என் பதிலும்.

பேக்கேஜை விடவில்லை, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குக் கமென்ட் பார்த்ததும் முதலில் ஓட்டு எண்ணிக்கையைத்தான் பார்த்தேன் (வெட்கமாக இருக்கிறது). ஏழு ஏழாகவே இருந்தது. அவர் ஓட்டைத் திரும்ப எடுக்கவில்லை, இல்லாவிட்டால் போட்டிருக்கவே இல்லை.