கர்னல் பேட்ச் பொருந்தவில்லை, ஏன்?

கேள்வி:
லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் ஒன்றுக்கு நாலு வரித் திருத்தம் (பேட்ச்). நிரல் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பிழை காட்டவில்லை. வெப்மெயிலில் ஒட்டிப் பராமரிப்பாளருக்கு அனுப்பினேன். பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது.

பதில்:
ஒட்டியதுதான் கோளாறு. பல வெப்மெயில்கள் டேப்பை ஸ்பேஸாக்கும், நீளமான வரியை மடக்கும். கர்னலில் உள்தள்ளல் 8 எழுத்து அகல டேப். அது மாறினாலே, மடலில் வரும் பேட்ச்சைப் பொருத்தும் கிட் ஏஎம் கட்டளை மறுத்துவிடும். பேட்ச்சை நேரடியாக மடலாக அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் கட்டளையைப் பயன்படுத்துங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மடலைப் பொருத்திப் பாருங்கள்.

பதில்:
சைன்டு-ஆஃப்-பை வரியையும் பாருங்க. கிட்டில் கமிட் செய்யும்போது (மாற்றத்தைப் பதியும்போது) மைனஸ் எஸ் (-s) போட்டால் தானாகவே வரும். நிரலைத் தர உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. இல்லாமல் எடுக்க மாட்டார்கள். யாருக்கு அனுப்புவது என்று கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

பதில்:
மறுபடி அனுப்பும்போது தலைப்பில் வி2 (இரண்டாம் பதிப்பு) சேருங்கள். முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு, கமிட் செய்திக்கு அடுத்து வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே வரட்டும். மேலே எழுதினால் கமிட் வரலாற்றிலேயே தங்கிவிடும்.