ஒயிட் பேலன்ஸ்: 'வெண்ணிலை' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். கேமராவின் 'ஒயிட் பேலன்ஸ்' வசதிக்கும் அதோடு வரும் சொற்களுக்கும் நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஈப்போவிலிருந்து ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'வெண்சமநிலை' என்பதையே சேர்த்துவிடலாம். பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

ஈப்போ ஐயா சொல்வதுபோல் பொருள் சரிதான். எந்த விளக்கின் கீழும் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியவேண்டும் என்றுதான் கேமராவில் இந்த வசதி வந்தது. ஆனால், வேண்டுமென்றே நிறத்தை மாற்றி எடுக்கிறவர்களுக்கும் இதே வசதிதான் கருவி. 'சமநிலையைக் குலைத்து எடுத்தேன்' என்று எழுதினால் ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல் இருக்கிறது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், கடல்மேல் பலகை வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் பொழுது சாய்ந்தபின் எடுத்துப் பாருங்கள். இந்த வசதியை 3200 கெல்வினில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வைத்தால் வானமும் கடலும் அடர்நீலமாகிவிடும். பலகை வீடுகளின் மஞ்சள் பல்புகள் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். அங்கேயே நின்று 7500க்கு ஏற்றினால் பல்பு வெளிச்சம் செம்மஞ்சளாகத் தண்ணீரில் படரும், வானத்தின் நீலம் வெளிறிப்போகும். இரண்டுமே நல்ல படம்தான். எடுப்பவர் வெள்ளையை எங்கே நிறுத்தினார் என்பதில்தான் வேறுபாடு. அதனால்தான் 'வெண்ணிலை' என்கிறேன், அதாவது வெள்ளை நிற்கும் நிலை. 'வெண்ணிலையை இறக்கு', 'தானியங்கு வெண்ணிலை' என்று எதோடும் ஒட்டிக்கொள்கிறது. வெண்ணிலா என்று படித்துவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கில்லை. ஒருமுறை பழகினால் போதும். 'வெண்புள்ளி' வேண்டாம், அது தோல் நிலை ஒன்றின் பெயராக நிலைத்துவிட்டது.

> வார்ம் (மஞ்சள் சாய்ந்த நிறம்), கூல் (நீலம் சாய்ந்த நிறம்) இரண்டுக்கும் சூடு, குளிர் போதுமே?

போதாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். கெல்வின் கணக்கில் மெழுகுவத்தி வெளிச்சம் சுமார் 1900, நண்பகல் வெயில் சுமார் 5500, நிழல் 7000க்கு மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது. அதாவது, நாம் 'குளிர்' என்று சொல்லும் நிறத்துக்குத்தான் வெப்பநிலை அதிகம்! கேமராவில் எண்ணை ஏற்றினாலோ படம் மஞ்சளாகிறது. வரும் ஒளி நீலம் என்று கேமரா எடுத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டிவிடுகிறது. புதிதாகக் கற்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். 'சூடு' என்றால் எந்தச் சூடு என்று கேட்டால் என்ன சொல்வது?

கண்ணுக்குத் தெரிவதையே பெயராக வைப்போம்: பொன்சாயல், நீலச்சாயல். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலின் எண்ணெய் விளக்கொளியைக் காட்டிப் 'பொன்சாயல்' என்றால் யாருக்கும் விளக்கவுரை வேண்டியதில்லை. இந்தக் கெல்வின் கணக்கைக் குறிக்கும் 'நிற வெப்பநிலை' இயற்பியல் சொல்லாகவே இருக்கட்டும், அதில் கைவைக்க வேண்டாம்.

அப்புறம், 'டின்ட்' இன்னும் பாக்கி. பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகர்த்துகிற அளவு அது. பழைய டியூப் லைட்டின் பச்சையை எடுக்க உதவும். 'சாயம்' என்றால் துணிக்கடை நினைவு வருகிறது. 'பச்சைச்சாயல்' என்றால் பாதிதான் சொன்னதாகும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
பினாங்கிலிருந்து