புதுப்பிப்பு: அழுகிப்போன ஆப்பிரிக்க வயலட் செடியின் இலையிலிருந்து குட்டிச்செடிகள் வந்துவிட்டன

ஜூனில் என் ஆப்பிரிக்க வயலட் நடுக்குருத்து அழுகிச் சாய்ந்துவிட்டது, காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன். தாய்ச்செடி பிழைக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னபடி அன்றைக்கே கெட்டியாக இருந்த ஐந்து இலைகளை எடுத்து, ஒன்றரை அங்குலக் காம்போடு புது பிளேடால் சாய்வாக வெட்டி, கழுவிய கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக்கல் துணுக்கு) சரிபாதி கலந்து நட்டு, பிளாஸ்டிக் டப்பாவால் மூடிக் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். இரண்டு அழுகிவிட்டன, அவற்றுக்கு ஈரம் கூடிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மீதி மூன்றிலும் ஒன்பதாவது வாரம் காம்படியில் எலிக்காது போல, மெல்லிய ரோமத்தோடு குட்டி இலைகள்! பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அம்மா வைத்த செடி அது.

தப்பு என்னுடையதுதான், தினமும் மேலிருந்து குருத்திலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தான்சானியாவின் உசம்பரா மலைகளில் நிழலான பாறை இடுக்கில் வளர்கிற செடிக்கு வேர் மென்மையானது, தேங்கிய நீரைத் தாங்காது. இப்போது தொட்டியின் அடியில் நூல்திரி விட்டு, அது உறிஞ்சுகிற அளவுக்குத்தான் தண்ணீர். சில்லென்ற தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய திட்டு விழும் என்பதால் முதல்நாளே பிடித்து வைத்துவிடுகிறேன்.

அப்புறம் ஒன்று, பூவிதழில் நட்சத்திரக் கோடு போட்ட ரகங்களை இலையிலிருந்து வளர்த்தால் பெரும்பாலும் அதே பூ வராது. என்னுடையது சாதாரண ஊதா, கவலையில்லை. குட்டிகள் தாயிலையில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் பிரித்து இரண்டரை அங்குலத் தொட்டிக்கு மாற்றப் போகிறேன்.