அப்பா ஆறு நாளாகச் சாப்பிடவில்லை, டியூப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வைப்பாற்றுக்காரன்:

வணக்கம். சுருக்கமாகச் சொல்ல வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 74 வயது. நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. இரண்டு கீமோ ஆனது, மூன்றாவதைத் தாங்க மாட்டார் என்று டாக்டரே சொல்லி போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் திருப்பூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறேன்.

ஆறு நாளாகச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. கஞ்சியை ஸ்பூனில் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார், நேற்று கையால் தட்டியே விட்டார். தண்ணீர் ரெண்டு மடக்கு, அதுவும் புரையேறுகிறது. மற்ற நேரமெல்லாம் தூக்கம்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மதுரையில் இருக்கும் அக்கா தினமும் போன் போட்டு "பட்டினி போட்டே கொல்லப்போறியா, மூக்கு வழியா டியூப் போட்டா என்ன குறைஞ்சுபோயிடும்" என்று அழுகிறாள். பக்கத்துத் தெரு கம்பவுண்டர் தினம் ஒரு ட்ரிப்ஸ் ஏற்றலாம் என்கிறார். அத்தை வேளைக்கு ஒரு தடவை பால் ஊற்றுகிறார், அது போதாதென்று "மண்ணாசையில கிடக்கான்" என்று எங்கள் புஞ்சை மண்ணை ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றத் தயாராக வைத்திருக்கிறார். நேற்று ராத்திரி பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இழுத்துக்கிட்டே கிடக்க விடாதப்பா, தலைக்கு ஊத்தி அனுப்பிடலாம்" என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களின் உயிரை வீட்டாரே முடித்துவிடுவது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

டியூப் போடாவிட்டால் நான் கொன்றதாக ஆகுமா? மார்ஃபின் மாத்திரை வேறு கொடுக்கிறேன், அதனால்தான் இப்படிச் சுருண்டு கிடக்கிறாரோ என்றும் பயம். 8 வயது மகள் "தாத்தா செத்துப்போயிடுவாரா" என்று கேட்கிறாள். தூங்குகிறார் என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஸ்கூட்டி:

தம்பி, இந்த மாதிரி நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். பதினொரு வருடம் ஆகிறது. முதலில் பெரியப்பா விஷயம். கூடவே கூடாது. அது கொலை, சட்டமும் அப்படித்தான் பார்க்கும். "வலிக்கு மருந்து கொடுக்கிறோம், அப்பா கஷ்டப்படவில்லை" என்று அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள், கண்முன்னால் தன் தம்பி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் பலரும் அப்படிப் பேசுகிறார்கள். ஆனாலும் இரண்டு நாளைக்கு அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

டியூப் வேண்டாம் என்று விடுவது இதோடு சேராது. உடம்பு ஓய்கிற கட்டத்தில் பசி எடுக்காது, குடலும் மெதுவாகிவிடும். வற்புறுத்தி உள்ளே அனுப்புவது வாந்தியாகத் திரும்பும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போகும். ட்ரிப்ஸும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் தங்குகிறது. ஆனால் ஒன்று, டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். நாக்கில் தயிர் ஒட்டினமாதிரி வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சைப் புண், எரிச்சலில் வாயைத் திறக்க மாட்டார்கள், மருந்து போட்டால் குறையும். மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது என்றும் கணக்குப் பாருங்கள். மார்ஃபின் சாப்பிடுபவருக்கு மலம் இறுகும், அதற்கென்று தனி மாத்திரை கொடுத்திருப்பார்களே, அதை நிறுத்திவிடவில்லையே? இந்த இரண்டும் இல்லையென்றால் சாப்பாட்டை விட்டுவிடுங்கள்.

மார்ஃபினை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதிய அளவில், நேரத்துக்குக் கொடுத்தால் அது உயிரை எடுக்காது. திடீரென்று நிறுத்தினால்தான் வலியும் நடுக்கமும் சேர்ந்து வரும். மாத்திரை விழுங்க முடியாமல் போகும்போது ஊசியாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ மாற்றித் தருவார்கள், இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஒரு மணிக்குத் தேடி அலையாதீர்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் ஆட்களைக் கேளுங்கள். 2021இல் ஆரம்பித்த திட்டம், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அதில் சேர்ந்தது. முதுகுப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்றாவது கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அத்தையைத் தடுக்க வேண்டாம், முறையை மட்டும் மாற்றுங்கள். புரையேறுபவர் வாயில் பாலை ஊற்றினால் மூச்சுத் திணறும். பஞ்சைப் பாலில் நனைத்து, பிழிந்துவிட்டு, உதட்டிலும் கன்னத்தின் உள்பக்கமும் தடவச் சொல்லுங்கள். உதடு வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். மண்ணை நெற்றியில் வைக்கட்டும், உள்ளே வேண்டாம்.

இனி மூச்சு நின்று நின்று வரலாம், அரை நிமிடம் நின்றுவிட்டு மறுபடி வேகமாக ஆரம்பிக்கும். தொண்டையில் கர்கர் என்று சத்தம் கேட்கும். துப்ப முடியாத எச்சில் அங்கே தேங்குவதால் வருவது அது, பார்க்கிற நமக்குத்தான் பதறும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கை கால் சில்லென்று ஆகி, முட்டியில் ஊதாத் திட்டு வந்தால் அக்காவை வரச் சொல்லிவிடுங்கள்.

ஒத்தையடிப்பாதை:

எல்லாருக்கும் இப்படிச் சொல்லிவிட முடியாது மேடம். என் மாமனாருக்கு நாலு மாதம் மூக்கில் டியூப் இருந்தது, இப்போது தானே இட்லி பிட்டுச் சாப்பிடுகிறார். டியூப் என்றாலே ஏதோ பாவம் மாதிரி பேச வேண்டாம்.

பழைய ஸ்கூட்டி:

அவருக்குப் பக்கவாதமா? அப்படியென்றால் டியூப் சரிதான் சார், விழுங்கும் சக்தி திரும்பி வரும்வரை அது பாலம் மாதிரி. இங்கே நோயே முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது, அதற்காகச் சொன்னேன்.

மூன்றாம் மாடி:

நான் டியூப் போட்டவன். அம்மாவுக்குக் கணையத்தில் புற்று, இதே மாதிரி சாப்பாட்டை ஒதுக்கினார், பெரியம்மா பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து டியூப் போட்டோம், அம்மா அதைப் பிடுங்கினார், மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார், கடைசியில் இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவிட்டார்கள், பதினேழு நாள். என் கையைப் பிடிக்க முயன்றதும் அந்தத் துணி இழுத்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறு வருடம் ஆகிறது. அப்போது செய்யாமல் விட்டிருந்தால் அதற்காகவும் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருப்பேனோ என்னவோ.

உங்களை ஒன்று கேட்கிறேன். அப்பா தெளிவாக இருந்தபோது ஏதாவது சொன்னாரா? தனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2023இல் அந்த நடைமுறையையும் எளிதாக்கினார்கள். நம் வீடுகளில் யார் எழுதிவைக்கிறார்கள், விடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது ஏதாவது இருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள். உங்கள் முடிவு என்று சொன்னால்தான் சண்டை வரும்.

அக்கா வந்ததும் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிற வேலையை அவரிடமே கொடுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குப் போனில் கத்துவதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை.

அஞ்சாங்கிளாஸ் டீச்சர்:

பாப்பாவிடம் தூங்குகிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான், ராத்திரி அவன் அம்மா கண்ணை மூடினால் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பானாம். "தாத்தாவுக்கு நோய் ரொம்ப முற்றிவிட்டது, செத்துப்போய்விடுவார், அது யார் செய்த தப்பும் இல்லை" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். அவளே அதைத்தானே கேட்கிறாள்? பக்கத்தில் உட்கார விரும்பினால் உட்காரட்டும்.

அப்புறம், கேட்க நன்றாக இருக்காது, ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதுவரை பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வையுங்கள். தள்ளிப்போனால் வாரிசுச் சான்றிதழ் வரைக்கும் அலைச்சல்தான்.

வைப்பாற்றுக்காரன்:

நாலு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. அப்பா இருக்கிறார். ஸ்கூட்டி அக்கா சொன்னமாதிரியே நாக்கில் வெள்ளை இருந்தது, நர்ஸ் வந்து மருந்து தந்தார், முகத்தில் அந்தச் சுளிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாப்பாடு இல்லை. கேட்கவும் இல்லை. பெரியப்பாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன், ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார், இப்போது ராத்திரிக் காவலே அவர்தான். நானும் கூடவே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடி அண்ணன் கேட்டதற்கு: டிஸ்சார்ஜ் ஆன அன்று காரில் வரும்போது அப்பா, "மறுபடி அங்க மட்டும் கூட்டிட்டுப் போகாதப்பா" என்றார். டிரைவர் காதிலும் விழுந்தது. அதை அக்காவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் போனில் சத்தமே இல்லை, மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிட்டாள்.

மகளிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள். அப்புறம் "தாத்தா டார்ச் லைட் யாருக்கு" என்று கேட்டாள்.

இன்று மதியம் கண் திறந்து, காபி என்றார். காதில் சரியாக விழவில்லை என்று அக்கா குனிந்து மறுபடி கேட்டாள், காபிதான். அவளே போட்டுக் கொண்டுவந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் வைத்தாள். சப்பிப் பார்த்துவிட்டு, சீனி பத்தவில்லை என்று தலையை ஆட்டினார். ஓடிப்போய் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள்.