சிலோனுக்குப் போன பூட்டனின் ஊரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

தேயிலைப்பேரன்:
வணக்கம். சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970களில் இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக ஹட்டன் பக்கம் தோட்ட வேலை. தாத்தாவின் பாஸ்போர்ட்டில் பூர்வீகம் "புதுப்பட்டி, திருச்சி ஜில்லா". தாலுகா பெயர் மேல் முத்திரை விழுந்து படிக்க முடியவில்லை. இன்றைய திருச்சி மாவட்டத்துப் புதுப்பட்டிகளில் விசாரித்துப் பார்த்தோம், எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை.

பாட்டி சொன்னது: ஊரில் கொஞ்சம் புன்செய் இருந்தது, தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பூட்டன் கங்காணியோடு போனார், அவர் தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். அப்பாவுக்கு வயதாகிறது. அவர் நடமாடும்போதே அந்த மண்ணைக் காட்டிவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
தம்பி, முதலில் இன்றைய வரைபடத்தை மூடி வையுங்கள். 1970களில் எழுதிய "திருச்சி ஜில்லா" மிகப் பெரியது. கரூரும் பெரம்பலூரும் 1995இல்தான் பிரிந்தன. அரியலூர் அதற்கும் பிறகு. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், பிறகு 1974 வரை திருச்சியோடு இருந்தது. இன்னொன்று, உங்கள் புதுப்பட்டி வருவாய் கிராமமாகவே இல்லாமல் ஒரு குக்கிராமமாக இருக்கலாம். அப்படியானால் பதிவேட்டில் தாய்க் கிராமத்தின் பெயரில்தான் வரும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். குலதெய்வம் எது?

மலையக மகள்:
நான் நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறேன், என் சொந்தக் குடும்பத்துக்கும் இதே வேலையைச் செய்தவள். 1860 முதல் நேட்டாலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண் போட்டு, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதிய கப்பல் பட்டியல் உண்டு. இலங்கைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கங்காணி தன் சொந்தபந்தத்தையும் அக்கம்பக்கத்து ஊராரையும் திரட்டி, முன்பணக் கடனோடு கூட்டி வந்தார். அதனால் உங்கள் பூட்டனைத் தேடாதீர்கள், கங்காணியைத் தேடுங்கள். அவர் வசதியாக இருந்திருப்பார், ஊரோடு போக்குவரத்து வைத்திருப்பார். அவர் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

தாத்தா தோட்டத்தில் பிறந்தவர் என்றால், அவருடைய பிறப்புப் பதிவின் நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி யாராவது விண்ணப்பித்திருந்தால் அந்தக் காகிதமும் முக்கியம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், உங்களோடு பெண் கொடுத்து எடுத்த வீட்டாரையும் விடாதீர்கள். சம்பந்திகள் பெரும்பாலும் ஒரே வட்டாரம்தான்.

பாட்டியின் கணக்கும் பொருந்துகிறது. கோப்பி (காப்பி) காலத்தில் ஆண்கள் பறிப்புக்கு வந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை எழுந்தது. அதற்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். பாட்டி சொன்ன தாது வருஷப் பஞ்சம் 1876-78, அதற்கு நடுவில்.

தேயிலைப்பேரன்:
நன்றி அக்கா, ஐயா. தோட்டத்தில் இருக்கும் அத்தை வழியாகக் கங்காணியின் பேரனைப் பிடித்தோம். "பெரம்பலூர் பக்கம்" என்கிறார், ஊர்ப் பெயர் நினைவில்லை. எங்கள் குலதெய்வம் மதுரகாளி. பாட்டி அம்மனுக்குப் படைக்கும்போது பக்கத்தில் ஒரு கருப்புக்கும் தனியாகப் படைப்பார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
மதுரகாளி என்றால் பெரம்பலூர் பக்கத்துச் சிறுவாச்சூர். ஆனால் எத்தனையோ ஊராருக்கும் சாதியாருக்கும் அவள்தான் குலதெய்வம், அதனால் அவளை வைத்து ஊர் சொல்ல முடியாது. அந்தக் கருப்பின் முழுப் பெயரை அத்தையிடம் கேளுங்கள். எல்லைத் தெய்வம் ஊருக்கு ஊர் மாறும். உங்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விடப்போவது அதுதான்.

ஊர் தட்டுப்பட்டதும் தாலுகா அலுவலகத்தில் அந்தக் கிராமத்தின் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யார் பெயரில் என்று அந்தக் காலத்தில் எழுதிய நிலவரிப் பதிவேட்டை, பார்க்க மனுக் கொடுங்கள். 1980களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்து எழுதிய யூடிஆர் பதிவேடு போதாது. நீங்கள் பார்க்க வேண்டியது பூட்டனின் பெயரை அல்ல, தங்கிவிட்ட தம்பியின் வம்சத்தை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பார்கள், ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்ப வரும். அந்தப் பெயர் உங்கள் வீட்டிலும் இருந்தால் அது பங்காளி வீடு. சர்வே எண் தெரியாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை உண்டு. பயணச் செலவுக்கு நிலத்தை அடகு வைத்த பத்திரம் சிக்கினாலும் சிக்கும்.

பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம். உழுத எல்லோருக்கும் பட்டா இருந்ததில்லை. குத்தகைக்காரரும் பண்ணையாளும் அதில் வரமாட்டார்கள்.

தேயிலைப்பேரன்:
கருப்பின் பெயர் கிடைத்தது! அந்தப் பெயரில் கோயில் உள்ள ஒரு கிராமமும் தெரிந்துவிட்டது (ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை, மன்னிக்கவும்). அதன் குக்கிராமம் ஒன்று புதுப்பட்டி. பதிவேட்டில் எங்கள் தாத்தாவின் பெயரும் அவர் அப்பாவின் பெயரும் மாறி மாறி வருகின்றன. அந்த வீட்டு வாரிசுகள் அதே ஊரில் இருக்கிறார்களாம். எப்படிப் போய்ப் பேசுவது?

மலையக மகள்:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது தம்பி. ஒன்று மட்டும்: சிலோன் பங்காளி திடீரென்று வந்து நின்றால், நிலத்தில் பங்கு கேட்க வந்தான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கதவு சாத்தினார்கள். பதிவேட்டு நகலை முதல் நாள் வெளியே எடுக்காதீர்கள். கோயில் பூசாரியிடம் முதலில் பேசி, அவர் மூலமாகப் போங்கள். நிலம் வேண்டாம், கோயில் வரிப் பட்டியலில் எங்கள் பெயரைச் சேர்த்தால் போதும் என்று அப்பாவே வாயால் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
திங்கள் அல்லது வெள்ளி பார்த்துக் கிளம்புங்கள். சிறுவாச்சூரில் அம்மன் சந்நிதி வழக்கமாக அந்த இரண்டு நாள்தான் திறந்திருக்கும், அப்பா அங்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.