புகையில்லா எரிபொருளா, குறைபுகை எரிபொருளா?

நாகர்கோவிலிலிருந்து:
நம் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்மோக்லெஸ் ஃப்யூவல்' என்பதைப் 'புகையில்லா எரிபொருள்' என்றே எழுதி வருகிறோம். 'புகையில்லா அடுப்பு' ஏற்கெனவே ஊர் அறிந்த சொல். சுருக்கிப் 'புகையிலி' என்று வைத்துக்கொள்ளலாமா?

தக்கலையிலிருந்து:
'புகையிலி' வேண்டாம் ஐயா. அச்சில் ஓர் எழுத்து பிசகினால் வெற்றிலைக்கடைச் சரக்காகிவிடும்!

'புகையில்லா'வும் எனக்கு ஒப்பவில்லை. அந்த அடுப்பிலும் புகை உண்டு. குழாய் வழியே கூரைக்கு மேல் போகிறது, அவ்வளவுதான். எரிபொருள் விதிகளும் சுழியம் கேட்பதில்லை. இங்கிலாந்தில் 2021 மே முதல், வீட்டு உபயோகத்துக்கு விற்கும், தயாரித்த எரிபொருள் கட்டிகள் மணிக்கு 5 கிராமுக்கு மேல் புகை விடக்கூடாது, கந்தகம் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். அளந்து அனுமதிக்கும் பொருளை 'இல்லா' என்பது எப்படி?

'குறைபுகை எரிபொருள்' என்பது என் முன்மொழிவு. 'செமிகண்டக்டரை'க் 'குறைகடத்தி' என்று சொல்லிப் பழகிய காதுக்கு இது உறுத்தாது.

நம் சிரட்டைக்கரியையே பாருங்கள். கரியாக்கும்போதே தாரும் ஆவிப்பொருளும் பெரும்பாலும் போய்விடுவதால் கண்ணுக்குப் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தாராளமாக வரும். மூட்டையில் 'புகையில்லா' என்று அச்சிட்டால் அறையைச் சாத்திக்கொண்டு மூட்டுவார்கள். பச்சை ரப்பர் விறகு நேரெதிர்: சூடெல்லாம் ஈரத்தை விரட்டவே செலவாகி, தணல் தணிந்து, எரியாத தார் புகையாக எழும். அதை உலர்த்தினால் தேறும். அண்டித்தோடு (முந்திரிக்கொட்டை ஓடு) உலர்த்தினாலும் தேறாது. அதன் எண்ணெயே புகைக்குக் காரணம்.

குளச்சலிலிருந்து:
'குறைபுகை' சரி. ஆனால் அது பண்பு மட்டுமே. நம் நாட்டின் 1981 காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 'அப்ரூவ்ட் ஃப்யூவல்' என்று தனியாக உண்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற எரிபொருள் என்று பொருள். 19ஆம் பிரிவின்படி, அறிவித்த பகுதியில் அது அல்லாத எரிபொருளை மாநில அரசு தடுக்கலாம். அதற்கு 'ஏற்பு எரிபொருள்' என்று வைப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அரசாணை மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார்.

காற்றுக் கண்காணிப்புக்கும் ஒரு குறிப்பு. புகை என்பது அடுப்பின், புகைபோக்கியின் வாயில் வெளிவருவது. கண்காணிப்பு நிலையம் அளப்பது காற்றிலுள்ள நுண்துகள். பிஎம் 2.5க்கு (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள்) இந்திய வரம்பு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்புத் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். காற்றை இழுக்கும் குழாயில் ஈரம் போக்கும் சூடேற்றி இல்லாத, ஒளி சிதறுவதை வைத்துத் துகளை அளக்கும் கருவி அதையும் கூட்டிக் காட்டும். யாரும் அடுப்பு மூட்டாமலே அளவு ஏறும். ஆகவே 'புகை அளவி' என்று அந்தக் கருவிக்குப் பெயர் வைக்கவேண்டாம்; 'துகள் அளவி' போதும்.

நாகர்கோவிலிலிருந்து:
மூன்றையும் பட்டியலில் சேர்க்கிறேன். எடுத்துக்காட்டு வரி: சிரட்டைக்கரி குறைபுகை எரிபொருள், வாரியம் ஏற்றால்தான் ஏற்பு எரிபொருள்.