ஏஞ்சல் ஜோடி முட்டையிடுகிறது, குஞ்சு மட்டும் வரவில்லை

தாம்பரம் தொட்டி:
"உறுதியான ஜோடி" என்று சொல்லி ஒரு கடையில் இரண்டு ஏஞ்சல் மீன்களை 1,400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நெற்றி புடைத்தது ஆண், தட்டையாக இருப்பது பெண்ணாம். இரண்டும் சண்டையில்லாமல் வாழ்கின்றன. ஃபில்டர் குழாயை வாயால் துடைத்து, வரிசையாக முட்டையும் ஒட்டுகின்றன. மறுநாளே முட்டைகள் வெளுக்கின்றன. மூன்றாம் நாள் பஞ்சு பூத்துவிடுகிறது. மூன்று முறை இப்படியே நடந்துவிட்டது. ஒருவேளை இரண்டும் பெண்ணாக இருக்குமோ?

மீன்பித்தன்:
நெற்றி புடைத்திருந்தால் ஆண்தான். பூஞ்சைதான் சிக்கல். பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்து, மெத்திலீன் புளூ, சில சொட்டு விடுங்கள்.

கொளத்தூர் பெரியவர்:
மெத்திலீன் புளூ நல்ல முட்டையைக் காப்பாற்றும், மீன்பித்தன் தம்பி. கருவே சேராத முட்டையை என்ன செய்யும்? நெற்றியை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். நன்றாகத் தின்று வளர்ந்த பெண்ணுக்கும் நெற்றி எழும்பும். கப்பி மீனில் இந்தத் தொல்லையே இல்லை: ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல் மெலிந்திருக்கும், பெண்ணுக்கு விசிறி. ஏஞ்சலோ முட்டையிடும் நேரம்வரை ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது.

தாம்பரம் தம்பி, அடுத்த முறை குழாயைத் துடைக்கத் தொடங்கியதும் டார்ச்சோடு உட்காருங்கள். வயிற்றுக்கடியில், அடித்துடுப்புக்குச் சற்று முன்னால் ஒரு சிறு குழல் நீளும். பென்சில் முனைபோல் மெலிந்து கூராக இருந்தால் ஆண். தடித்து, நுனி மழுங்கியிருந்தால் பெண். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண்கள் கூடிக் குடும்பம் நடத்துவது சாதாரணம். மாறி மாறி முட்டையிடும், காவலும் காக்கும். முட்டை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று கூராக இருந்தும் முட்டை வெளுத்தால், ஆண் இளசாக இருக்கலாம். அல்லது உங்கள் போர் தண்ணீரின் கடினம்.

தாம்பரம் தொட்டி:
ஐயா, நேற்று மாலை பார்த்தேன். இரண்டும் மழுங்கல்! முதலில் ஒன்று போய்க் குழாயை உரசி முட்டை ஒட்டியது. அது நகர்ந்ததும் மற்றது அதே இடத்துக்கு வந்தது. எண்ணிப் பார்க்க முயன்று நானூறில் விட்டுவிட்டேன். பெரிய ஆண் ஒன்றை வாங்கி விடட்டுமா?

கொளத்தூர் பெரியவர்:
வேண்டாம். புதிதாக வருபவனை இரண்டும் சேர்ந்து கிழித்துவிடும். ஐந்து ரூபாய் நாணய அளவில் ஆறு குஞ்சுகள் வாங்கி வேறு தொட்டியில் வளருங்கள். எட்டுப் பத்து மாதத்தில் தாமாகவே ஜோடி சேரும். அந்த இரண்டு அக்காள் தங்கைகளும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.